கோர் ஃப்ளட்ல பார்ட்டிக்கிள் படிவு டெஸ்ட்: கல்லை காய வைக்கிறதுலேருந்து கடைசி கணக்கு வரைக்கும்

பாறை கோர் (உருளையா வெட்டி எடுத்த கல் துண்டு) ஒண்ணுக்குள்ள நுண்துகள் கலந்த தண்ணியை அனுப்பி, எவ்வளவு துகள் உள்ள மாட்டுது, அதனால பெர்மியபிலிட்டி (கல் வழியா தண்ணி எவ்வளவு சுலபமா போகுதுங்கிற அளவு) எவ்வளவு குறையுதுன்னு பாக்கிற டெஸ்ட் இது. கேட்டா ஈஸியா தெரியும், ஒரு பம்ப், ஒரு பிரஷர் கேஜ், அவ்வளவுதானேன்னு தோணும். ஆனா புதுசா பண்றவங்க கொண்டு வர்ற கிராஃப்ல பாதிக்கு மேல, பிரஷர் ஏறினதுக்கு காரணம் அவங்க அனுப்பின துகளே கிடையாது. காத்து குமிழி, துரு, கல்லோட சொந்த களிமண், ராத்திரி ஏசி ஆஃப் ஆனது, இப்படி ஏதோ ஒண்ணுதான் இருக்கும். அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாதீங்க. துகள் உள்ள போறதுக்கு முன்னாடி மத்த எல்லா சந்தேகத்தையும் ஒண்ணொண்ணா கழிச்சுக்கிட்டே வர்றதுதான் இந்த வரிசையோட வேலை.

கணக்குக்கு எல்லா இடத்துலயும் ஒரே கல்லைத்தான் வச்சிருக்கேன்: மணற்கல், விட்டம் 3.8 செ.மீ., நீளம் 6 செ.மீ., போராசிட்டி (கல்லோட கன அளவுல துளைகளோட பங்கு) 20 சதவீதம், பெர்மியபிலிட்டி 100 மில்லிடார்சி (பெர்மியபிலிட்டியை அளக்கிற அலகு). உங்க கல் வேறயா இருந்தா நம்பரை மட்டும் மாத்திக்கோங்க.

1. துகள் சைஸை முதல்ல முடிவு பண்ணுங்க

ரிக் (டெஸ்ட் பண்ற கருவி) பக்கம் போறதுக்கு முன்னாடி பேப்பர்ல பண்ண வேண்டியது இது. கல்லுக்குள்ள இருக்கிற குறுகலான வழி எவ்வளவு அகலம்னு ஒரு உத்தேசம் வேணும். பெர்மியபிலிட்டியை சதுர மீட்டர்ல எழுதி, 8 ஆல பெருக்கி, போராசிட்டியால வகுத்து, வர்க்கமூலம் எடுத்தா சராசரி ஆரம் வரும். நம்ம கல்லுக்கு அது சுமார் 2 மைக்ரான், அதாவது விட்டம் 4 மைக்ரான். இது கல்லை நேரான குழாய்க் கட்டா நினைச்சு போட்ட கணக்கு, நிஜத்துல ஒரு கல்லுக்குள்ள பெருசும் சின்னதுமா எல்லா அளவும் இருக்கும், ஆனாலும் ஆரம்பிக்க இது போதும்.

இப்போ துகளை இதோட ஒப்பிடுங்க. ரொம்ப நாளா எல்லாரும் வச்சிருக்கிற ஒரு கட்டை விரல் கணக்கு: துகள் விட்டம் துளையோட மூணுல ஒரு பங்குக்கு மேல இருந்தா வாசல்லயே பாலம் கட்டி வெளிய கேக் மாதிரி படியும், மூணுல ஒண்ணுக்கும் ஏழுல ஒண்ணுக்கும் நடுவுல இருந்தா உள்ள போய் மாட்டும், ஏழுல ஒண்ணுக்கு கீழ இருந்தா பெரும்பாலும் தாண்டிப் போயிடும். நம்ம கல்லுக்கு அந்த எல்லைகள் 1.3 மைக்ரான், 0.6 மைக்ரான்.

கடைசி வரியை மட்டும் அப்படியே நம்பிடாதீங்க. சின்ன துகள் துளையில சிக்காம போகலாம், ஆனா கல் சுவத்துல ஒட்டலாம். ஒட்டுறதா இல்லையாங்கிறதை உப்பும் பிஹெச்சும்தான் தீர்மானிக்குது, சைஸ் இல்ல. அதனால உங்க கேள்வி எதுன்னு தெளிவா வச்சுக்கோங்க, "வாசல் அடைப்பா, உள்ள சிக்குறதா, சுவத்துல ஒட்டுறதா" இந்த மூணுல எதைப் பாக்கப் போறீங்களோ அதுக்கேத்த சைஸ். மூணையும் ஒரே டெஸ்ட்ல பாக்க நினைச்சு 0.1 முதல் 10 மைக்ரான் வரைக்கும் கலவையா அனுப்பினவங்க எல்லாரும் திரும்ப பண்ணியிருக்காங்க, ஏன்னா வர்ற ஒரே பிரஷர் கோட்டை மூணா பிரிக்க வழியே இல்ல.

2. துகள் எந்தப் பொருள்

முதல் தடவைன்னா பாலிஸ்டைரீன் லேடெக்ஸ் உருண்டைதான் என் சிபாரிசு. உருண்டையா ஒரே சைஸ்ல கிடைக்கும், அடர்த்தி 1.05 தான், அதனால தண்ணியில மெதுவாத்தான் கீழ இறங்கும். 1 மைக்ரான் லேடெக்ஸ் ஒரு மணி நேரத்துல 0.1 மி.மீ. இறங்கும்னா அதே சைஸ் சிலிக்கா 3 மி.மீ.க்கு மேல இறங்கும், 5 மைக்ரான் சிலிக்கான்னா 8 செ.மீ. இறங்கிடும். எட்டு செ.மீ.ன்னா பாதி பாத்திரம் தெளிஞ்சே போயிடும், நீங்க அனுப்புறது துகள் தண்ணியா வெறும் தண்ணியான்னே சொல்ல முடியாது.

சிலிக்காவுக்கு இன்னொரு சிக்கல், மணற்கல்லும் சிலிக்காதான். டெஸ்ட் முடிஞ்சு கல்லை வெட்டி மைக்ரோஸ்கோப்ல பாத்தா எது நீங்க அனுப்பினது எது கல்லோடதுன்னு தெரியாது. ஒளிரும் சாயம் ஏத்தின லேடெக்ஸ்ல இந்தத் தலைவலி இல்ல. கால்சியம் கார்பனேட் தூள் எடுத்தா அமிலம் பக்கம் போகாதீங்க, கரைஞ்சிடும்.

3. கையில இருக்க வேண்டியது

ஹாஸ்லர் டைப் கோர் ஹோல்டர் (கல்லை ரப்பர் ஸ்லீவுக்குள்ள வச்சுப் பிடிக்கிறது), ரப்பர் ஸ்லீவ், கன்ஃபைனிங் பம்ப் (ஸ்லீவை வெளியிலேருந்து கல் மேல அமுக்குறது), ஒரே சீரா ஓடுற இன்ஜெக்ஷன் பம்ப், பிஸ்டன் இருக்கிற டிரான்ஸ்ஃபர் வெசல் ரெண்டு, டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார் (கோரோட ரெண்டு முனைக்கும் உள்ள பிரஷர் வித்தியாசத்தை அளக்கிறது), 0.22 அல்லது 0.45 மைக்ரான் மெம்ப்ரேன் ஃபில்டர், அல்ட்ராசோனிக் பாத், டர்பிடிட்டி மீட்டர் (தண்ணியோட கலங்கலை அளக்கிறது) அல்லது யூவி ஸ்பெக்ட்ரோமீட்டர், தராசு, சாம்பிள் ட்யூப் நிறைய.

இதுல மூணு விஷயம் மட்டும் சொல்லிடறேன். ஒண்ணு, துகள் தண்ணியை பம்ப் வழியா அனுப்பவே கூடாது, பம்ப்ல சுத்தத் தண்ணி இல்லாட்டி எண்ணெய், அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டனோட அந்தப் பக்கம்தான் துகள் தண்ணி. பம்ப் சீல்ல துகள் போச்சுன்னா பம்பும் போச்சு. ரெண்டு, லைன் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா பிளாஸ்டிக்கா இருக்கணும், நடுவுல ஒரே ஒரு சாதா இரும்பு ஃபிட்டிங் இருந்தாக்கூட உப்புத்தண்ணியில துரு வரும். நான் ரெண்டு நாள் சந்தோஷமா பிளாட் பண்ணின ஒரு அழகான பிரஷர் ஏத்தம், கோரைக் கழட்டிப் பாத்தா வாசல் முகம் பூரா செம்மண் பூசின மாதிரி இருந்துச்சு.

மூணு, முடிஞ்சா நடுவுல பிரஷர் டேப் (அந்த இடத்து பிரஷரை அளக்கிற துளை) இருக்கிற ஹோல்டர் வாங்கிக்கோங்க. கோரோட முதல் பாதி தனியா, மொத்தம் தனியா பிரஷர் தெரிஞ்சா வாசல் அடைப்பா உள் அடைப்பான்னு சண்டையே வராது. இதோட அருமை 12 ஆவது படியில தெரியும்.

4. கல்லை வெட்டுறது, கழுவுறது, காய வைக்கிறது

ரெண்டு முகமும் இணையா, நேரா இருக்கணும். வெட்டும்போது கிளம்புற பாறை மாவு வாசல் துளைகளை அடைச்சிருக்கும், அதை அப்படியே விட்டா உங்க கல் ஆரம்பத்துலயே பாதி அடைச்ச கல். டெஸ்ட்ல போடப்போற உப்புத்தண்ணியிலயே கழுவி, முகத்தை மென்மையான பிரஷ்ல தேய்ச்சு விடுங்க. எண்ணெய்க் கிணத்துலேருந்து வந்த கோர்னா முதல்ல டொலுயீன், அப்புறம் மெத்தனால்னு சாக்ஸ்லெட்ல (கரைப்பானைக் கொதிக்க வச்சு திரும்பத் திரும்பக் கழுவுற கருவி) கழுவணும். இல்லாட்டி எண்ணெய் பூசின சுவரு வேற மாதிரி நடந்துக்கும்.

காய வைக்கிறது 60 டிகிரி செல்சியஸ்ல. 105 ல வச்சா சீக்கிரம் காயும்தான், ஆனா களிமண் இருக்கிற கல்லுல களிமண்ணுக்குள்ள கட்டுண்ட தண்ணியும் போய் அதோட அமைப்பே மாறிடும், போராசிட்டியும் கூடக் காட்டும். எடை மாறாம நிக்கிற வரைக்கும் விடுங்க. "ஒரு ராத்திரி வச்சேன் சார்" எல்லாம் கணக்குல வராது, ரெண்டு எடை அடுத்தடுத்து ஒத்துப் போகணும்.

அதே பாளத்துலேருந்து ரெண்டு கோர் எடுங்க. ரெண்டாவது எதுக்குன்னு 8 ல சொல்றேன்.

5. உப்புத்தண்ணி

இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. "சுத்தமா இருக்கட்டும்"னு டிஸ்டில்டு வாட்டர் அனுப்பிடுவாங்க. மணற்கல்லுல கயோலினைட் மாதிரி களிமண் துணுக்கு மணல் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், உப்பு இருக்கிற வரைக்கும் அது நகராது, ஏன்னா களிமண்ணும் மணலும் ரெண்டுமே மைனஸ் சார்ஜ்தான், அதுங்க நடுவுல இருக்கிற தள்ளுற விசையை உப்புதான் அமுக்கி வச்சிருக்கு. உப்பு குறைஞ்சா தள்ளுற விசை ஜெயிக்கும், துணுக்கு பிச்சுக்கிட்டு கிளம்பி அடுத்த குறுகல்ல போய் அடைக்கும். பெரியா (Berea, லேப்ல அதிகமா பயன்படுத்துற ஒரு வகை) மணற்கல்லுல சோடியம் குளோரைடுக்கு அந்த எல்லை சுமார் 0.07 மோலார். அதுக்குக் கீழ போனா நீங்க ஒரு துகளும் அனுப்பாமலேயே பெர்மியபிலிட்டி சரிஞ்சிடும்.

சரி உப்பை ஏத்திக்கலாம்னா அடுத்த பிரச்சனை, அதே உப்பு உங்க துகளுக்கு நடுவுல இருக்கிற தள்ளு விசையையும் அமுக்கும், துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கொத்தாகும், 1 மைக்ரான்னு நினைச்சு 6 மைக்ரான் கொத்தை அனுப்பிக்கிட்டு இருப்பீங்க. 0.001 மோலார்ல துகளைச் சுத்தி இருக்கிற சார்ஜ் படலத்தோட தடிமன் சுமார் 10 நானோமீட்டர், 0.1 மோலார்ல அது 1 நானோமீட்டர்தான். அந்த 1 நானோமீட்டர் பல துகளுக்குப் போதாது.

ரெண்டுக்கும் நடுவுல சிக்கிக்கிட்டா என்ன பண்றது? களிமண் ரொம்பக் கம்மியா இருக்கிற கல்லை எடுக்கிறது முதல் வழி. மேற்பரப்புல நல்ல சார்ஜ் ஏத்தின லேடெக்ஸ் எடுத்து, எந்த உப்பு வரைக்கும் அது கொத்தாகாம இருக்குன்னு பாட்டில்லயே சோதிச்சுப் பாக்கிறது ரெண்டாவது. சில லேப்ல கல்லைச் சூளையில வச்சு களிமண்ணையே சுட்டுடுவாங்க, அதுவும் ஒரு வழி, ஆனா சுட்ட கல்லோட சுவரு பழைய சுவரு இல்லைங்கிறதை ரிப்போர்ட்ல எழுதிடுங்க.

தண்ணியை ஃபில்டர் பண்ணி, வேக்குவத்துல வச்சு காத்தை எடுத்துடுங்க. அன்னன்னைக்கு புதுசா கலக்குங்க, நாலஞ்சு நாள் நின்ன தண்ணியில பாக்டீரியா வளரும், அதோட வழவழப்பு வாசலை அடைக்கிறது பாக்கறதுக்கு துகள் அடைப்பு மாதிரியே இருக்கும்.

6. தண்ணி நிரப்புறது

காய்ஞ்ச எடை எடுத்தாச்சா? இப்போ கல்லை வேக்குவத்துல சில மணி நேரம் வச்சு, வேக்குவம் இருக்கும்போதே உப்புத்தண்ணியை உள்ள விடுங்க. கல்லைத் தண்ணியில போட்டுட்டு அப்புறம் வேக்குவம் போட்டா உள்ள இருக்கிற காத்து வெளிய வர்றதுக்குள்ள தண்ணி வழியை மூடிடும். கம்மி பெர்மியபிலிட்டி கல்லுன்னா அப்புறம் பிரஷர்லயும் ஒரு ராத்திரி வைங்க.

வெளிய எடுத்து ஈரமான டிஷ்யூவுல உருட்டித் துடைச்சு எடை போடுங்க, காய்ஞ்ச டிஷ்யூ துளைக்குள்ள இருக்கிறதையும் உறிஞ்சிடும். ரெண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தை தண்ணி அடர்த்தியால வகுத்தா போர் வால்யூம், அதாவது கல்லுக்குள்ள இருக்கிற துளைகளோட மொத்த கன அளவு. நம்ம கல்லோட மொத்த கன அளவு 68 மி.லி., அதுல 20 சதவீதம் 13.6 மி.லி. வரணும். 12 தான் வருதுன்னா காத்து மாட்டியிருக்கு, திரும்ப வேக்குவம். மாட்டின காத்து டெஸ்ட் நடுவுல கொஞ்சம் கொஞ்சமா கரையும், பிரஷர் இறங்கும், துகள் வெளிய போகுது போலன்னு நீங்க ஒரு கதை எழுதிடுவீங்க.

7. கல் இல்லாம ஒரு ஓட்டம்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிடறாங்க, அதான் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். ஹோல்டர்ல கோர் இல்லாம, நுழைவு லைனையும் வெளி லைனையும் நேரா இணைச்சு, துகள் தண்ணியை அதே ஃப்ளோ ரேட்ல அனுப்புங்க. உள்ள போன அளவும் வெளிய வர்ற அளவும் ஒண்ணா இருக்கணும். 100 அனுப்பினா 85 தான் வருதுன்னா 15 லைன்லயே, வால்வுலயே, எண்ட் பீஸ் பள்ளத்துலயே உக்காந்துக்கிச்சு. இதைத் தெரிஞ்சுக்காம போனா அந்த 15 ஐயும் கல் பிடிச்சதா கணக்கு எழுதுவீங்க.

கூடவே லைனோட கொள்ளளவையும் அளந்துடுங்க. உள்விட்டம் 1.6 மி.மீ. இருக்கிற ட்யூப் ஒரு மீட்டருக்கு 2 மி.லி. பிடிக்கும். நம்ம போர் வால்யூமே 13.6 தான், அதுல 2 ன்னா 15 சதவீதம், வெளிய வர்ற நேரத்தைக் கணக்குப் போடும்போது இதைக் கழிக்கலைன்னா எல்லாமே தள்ளிப் போகும். பேக் பிரஷர் ரெகுலேட்டர் (வெளி லைன்ல பிரஷரைத் தக்க வைக்கிற வால்வு) போடறீங்கன்னா அதையும் இந்த ஓட்டத்துல சேத்துக்கோங்க, அதோட சின்ன இடுக்குல துகள் மாட்டி பிரஷர் துள்ளும். 5 லேருந்து 10 பார் பேக் பிரஷர் இருந்தா காத்து தண்ணியிலயே கரைஞ்சு இருக்கும், நல்லதுதான், ஆனா ரெகுலேட்டர் துள்ளினா அந்த துள்ளல் கல்லுக்குள்ள கட்டின பாலத்தையும் உடைக்கும்.

8. ஹோல்டர்ல ஏத்துறது, பேஸ்லைன்

கன்ஃபைனிங் பிரஷர் (ஸ்லீவை வெளியிலேருந்து அமுக்குறது) முதல்ல ஏறணும், போர் பிரஷர் (கல்லோட துளைக்குள்ள இருக்கிற தண்ணியோடது) அப்புறம். எப்பவும் கன்ஃபைனிங் மேல இருக்கணும், 30 பார் வித்தியாசம் வச்சா பெரும்பாலும் போதும். இறக்கும்போது தலைகீழ், போர் பிரஷர் முதல்ல இறங்கணும். மாத்திப் பண்ணா ஸ்லீவுக்கும் கல்லுக்கும் நடுவுல தண்ணி வழி கண்டுபிடிச்சிடும், பெர்மியபிலிட்டி திடீர்னு அஞ்சு மடங்கு வரும், சிலர் அதையும் ரிப்போர்ட் பண்ணியிருக்காங்க.

சென்சாரை ஃப்ளோ இல்லாதப்போ, லைன் எல்லாம் தண்ணி நிரம்பி இருக்கும்போது ஜீரோ பண்ணுங்க. வெறும் 10 செ.மீ. உயர தண்ணிக்கே 0.14 பி.எஸ்.ஐ. வந்துடும். நம்ம கல்லுல நிமிஷத்துக்கு 2 மி.லி. ஓட்டினா டார்சி விதிப்படி (ஃப்ளோ, பெர்மியபிலிட்டி, பிரஷர் மூணையும் இணைக்கிற விதி) வர்றதே சுமார் 2.6 பி.எஸ்.ஐ.தான், அதுல 0.14 ன்னா 5 சதவீதம் தப்பு ஆரம்பத்துலயே.

அப்புறம் சுத்த உப்புத்தண்ணியை 1, 2, 3, 4 மி.லி.ன்னு நாலு ரேட்ல ஓட்டி, ரேட்டுக்கு பிரஷரை பிளாட் பண்ணுங்க. நேர்கோடா, ஜீரோ வழியா போகணும். ஜீரோவுல இடிக்கலைன்னா சென்சார் ஜீரோ தப்பு. மேல போகப்போக கோடு வளைஞ்சா கல்லோட சொந்த துணுக்கு நகருது. டெஸ்ட் 2 மி.லி.ல பண்ணப் போறீங்கன்னா பேஸ்லைன்ல அதுக்கு மேல ஒரு தடவை போய்ட்டு திரும்ப 2 க்கு வந்து அதே பிரஷர் வருதான்னு பாருங்க. வரலைன்னா நகர வேண்டியது நகர்ந்து முடியட்டும், பிரஷர் பல போர் வால்யூம் வரைக்கும் 1, 2 சதவீதத்துக்குள்ள நிக்கிற வரைக்கும் ஓட்டுங்க.

இப்போ அந்த ரெண்டாவது கோர். அதுல துகளே இல்லாம, டெஸ்ட் எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம் வெறும் உப்புத்தண்ணி ஓட்டுங்க. அதுலயும் பிரஷர் ஏறுச்சுன்னா உங்க பிரச்சனை துகள் இல்ல, 5 ஆவது படிக்குத் திரும்புங்க. ஒரு நாள் வீண்னு தோணும், ஆனா இந்த ஒரு கோடு இல்லாம மத்த எந்தக் கோட்டையும் நான் நம்புறதில்ல.

வெப்பநிலையையும் பதிவு பண்ணுங்க. தண்ணியோட விஸ்காசிட்டி 20 டிகிரியில 1.00 சென்டிபாய்ஸ், 25 ல 0.89, 30 ல 0.80. ரூம் 5 டிகிரி மாறினாலே பிரஷர் 10 சதவீதம் ஆடும், கல்லுக்குள்ள ஒண்ணுமே நடக்காம.

9. துகள் தண்ணி கலக்குறது

பேஸ்லைன்ல ஓட்டின அதே உப்புத்தண்ணியில கலக்குங்க, வேற உப்பு வேண்டாம், ரெண்டு மாத்தம் ஒரே நேரத்துல நடந்தா எது காரணம்னு தெரியாது. அல்ட்ராசோனிக்ல வச்சு பிரிச்சு, சைஸ் அளந்துட்டு, டெஸ்ட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கழிச்சு திரும்ப அளங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் தண்ணி நிலையா இருக்குன்னு அர்த்தம்.

அடர்வை கன அளவு பி.பி.எம்.லயும் (பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு) எழுதி வைங்க. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு மட்டும் வச்சா பின்னாடி கணக்குல மாட்டுவீங்க, துளையை அடைக்கிறது எடை இல்ல, கன அளவு. 50 பி.பி.எம். கன அளவுன்னா லிட்டருக்கு லேடெக்ஸ்ல 52.5 மி.கி., சிலிக்காவுல 132.5 மி.கி.

100 போர் வால்யூம் அனுப்பணும்னா 1360 மி.லி. வேணும், லைன் நிரப்ப, சாம்பிள் எடுக்கன்னு 1.8 லிட்டர் கலக்குங்க.

10. அனுப்புறது

பைபாஸ் லைன் (கோருக்குள்ள போகாம சுத்திப் போற லைன்) வழியா துகள் தண்ணியை கோர் வாசல் வரைக்கும் முதல்ல கொண்டு வந்து நிறுத்தி, பைபாஸ்ல வர்றதை ஒரு சாம்பிள் எடுத்து ஆரம்ப அடர்வு சரியான்னு பாத்துட்டு, அப்புறம்தான் வால்வைக் கோர் பக்கம் திருப்பணும், அந்த நிமிஷம்தான் உங்க ஜீரோ.

ரேட் மாறாம இருக்கணும். பம்ப்ல பிரஷர் லிமிட் இருக்கும், அது கம்மியா செட் ஆகியிருந்தா கல் அடைக்க ஆரம்பிச்சதும் பம்ப் தானா ரேட்டைக் குறைச்சிடும், காலையில வந்து பாத்தா பிரஷர் தட்டையா நிக்கும், "அடைப்பு நின்னுடுச்சு"ன்னு சந்தோஷப்படுவோம். ரேட்டையும் பிரஷர் கூடவே பதிவு பண்ணினா இது உடனே தெரியும்.

நடுவுல நிறுத்தாதீங்க. நிறுத்தினா லைன்ல இருக்கிற துகள் கீழ உக்காரும், திரும்ப ஆரம்பிச்சதும் அது மொத்தமா ஒரே வீச்சுல கல்லுக்குள்ள போகும். 2 மி.லி. ரேட்ல 1360 மி.லி. போக 11 மணி நேரத்துக்கு மேல ஆகும், 500 மி.லி. வெசல்னா மூணு தடவை நிரப்பணும், அதான் வெசல் ரெண்டு வேணும்னேன். ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணை நிரப்பி, அதே பிரஷருக்கு ஏத்தி வச்சுட்டு மாத்துங்க. பிரஷர் சமன் பண்ணாம வால்வைத் திறந்தா ஒரு அடி விழும், கல்லுக்குள்ள இருக்கிற பாலம் எல்லாம் உடையும்.

வெசலுக்குள்ள கலக்கி இருந்தா நல்லது. இல்லைன்னா மணிக்கொரு தடவை தலைகீழா திருப்புற மாதிரி மாட்டுங்க.

11. சாம்பிள்

முதல் ரெண்டு மூணு போர் வால்யூமுக்கு பாதிப் பாதியா எடுங்க, துகள் எப்போ வெளிய வர ஆரம்பிக்குதுங்கிறது அங்கதான் தெரியும். அப்புறம் 5 போர் வால்யூமுக்கு ஒண்ணு போதும். அளக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ட்யூபையும் அல்ட்ராசோனிக்ல ஒரு நிமிஷம் வைங்க, உக்காந்தது திரும்ப கலங்கணும். டர்பிடிட்டி மீட்டருக்கு கேலிப்ரேஷன் அதே துகள், அதே உப்புத்தண்ணியில போடுங்க. நுழைவு அடர்வையும் ஆரம்பத்துல, நடுவுல, கடைசியில மூணு தடவை அளங்க, ஆரம்பத்துல மட்டும் அளந்து அதையே 11 மணி நேரத்துக்கும் வச்சுக்கிறது ரொம்ப சாதாரணமான தப்பு.

12. கணக்கு, கோட்டைப் படிக்கிறது

வெளிய வர்ற அடர்வை உள்ள போற அடர்வால வகுங்க. அது ஒரு கட்டத்துல நிலையா நின்னா, உதாரணமா 0.3 ல, இயற்கை மடக்கை எடுத்து, குறியை மாத்தி, நீளத்தால வகுங்க. 1.2 ஐ 6 ஆல வகுத்தா ஒரு செ.மீ.க்கு 0.2. இதுதான் ஃபில்ட்ரேஷன் கோஎஃபிஷியன்ட், ஒரு செ.மீ. போகும்போது எவ்வளவு பங்கு துகளைக் கல் பிடிக்குதுன்னு சொல்ற எண்.

அடுத்தது பிரஷர். இப்போதைய பிரஷரை ஆரம்ப பிரஷரால வகுத்து, போர் வால்யூமுக்கு எதிரா பிளாட் பண்ணுங்க. 100 போர் வால்யூம்ல 1.35 வந்துச்சுன்னு வைங்க. அதுக்குள்ள கல்லோட ஒரு மி.லி. கன அளவுல சராசரியா எவ்வளவு துகள் படிஞ்சிருக்கு? 50 பி.பி.எம்.மை போராசிட்டி 0.2 ஆல, 100 ஆல, பிடிபட்ட பங்கு 0.7 ஆல பெருக்கினா 0.0007. பிரஷர் கூடின 0.35 ஐ இதால வகுத்தா 500, இதுதான் சேதக் கெழு. ஒரு துளி படிவு எவ்வளவு வழியைக் கெடுக்குதுன்னு இது சொல்லும். சுவத்துல மெல்லிசா ஒட்டினா சின்னதா வரும், குறுகலைப் பாத்து அடைச்சா பெருசா வரும்.

இந்த ரெண்டு எண்ணும் செல்லுபடி ஆகணும்னா வெளி அடர்வு நிலையா நிக்கணும், பிரஷர் கோடு நேரா போகணும். வெளி அடர்வு ஏறிக்கிட்டே போனா ஒட்டுற இடம் நிரம்பிக்கிட்டு வருது. இறங்கிக்கிட்டே போனா படிஞ்ச துகளே அடுத்த துகளைப் பிடிக்குது. ரெண்டுலயும் மேல சொன்ன எளிய கணக்கு செல்லாது, சராசரி எடுத்து ஒப்பேத்தாதீங்க.

நடு டேப் இருந்தா இப்போ பாருங்க. கோஎஃபிஷியன்ட் 0.2 ன்னா முதல் 3 செ.மீ.லயே மொத்தப் படிவுல சுமார் 65 சதவீதம் இருக்கணும், பிரஷர் ஏத்தத்துலயும் அதே பங்கு. அளந்தது 95 சதவீதம்னு வந்தா துகள் உள்ள போகவே இல்ல, வாசல்ல கேக் கட்டியிருக்கு, நீங்க எடுத்த சேதக் கெழு கல்லோடது கிடையாது, கேக்கோடது. டேப் இல்லைன்னா கோட்டோட வடிவத்தைத்தான் நம்பணும்: மெதுவா நேரா போய்ட்டு ஒரு இடத்துல முட்டி மடங்கி செங்குத்தா ஏறினா, அந்த முட்டிதான் கேக் ஆரம்பிச்ச இடம். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினா பாலம் கட்டுது, உடையுது, திரும்பக் கட்டுது. பிரஷர் ஏறவே இல்ல, ஆனா வெளிய துகளும் கம்மியா வருதுன்னா சுவத்துல ஒட்டுது, இல்லாட்டி 7 ஆவது படியை நீங்க பண்ணலை.

13. கல்லைக் கழட்டுறதுக்கு முன்னாடி

நிறுத்தினதும் கழட்டிடாதீங்க, இன்னும் ரெண்டு மணி நேரம் செலவு பண்ணா காரணமும் கிடைக்கும். முதல்ல அதே உப்பு இருக்கிற சுத்தத் தண்ணியை அதே ரேட்ல அனுப்புங்க, தளர்வா இருக்கிறது வந்துடும். அப்புறம் ஃப்ளோவைத் திருப்பி எதிர்ப்பக்கத்துலேருந்து அனுப்புங்க. பெர்மியபிலிட்டி பெரும்பாலும் திரும்பி வந்தா வாசல் அடைப்பு அல்லது குறுகல்ல சிக்கினது. திரும்பலைன்னா கடைசியா உப்பைக் குறைச்ச தண்ணி, அதுல துகள் குபுக்குன்னு வந்தா சுவத்துல ஒட்டியிருந்தது. உப்பு குறைக்கிறதை முதல்ல பண்ணிடாதீங்க, கல்லோட களிமண்ணும் சேந்து கிளம்பிடும், அப்புறம் எதையும் பிரிக்க முடியாது. களிமண் இருக்கிற கல்லுன்னா ரெண்டாவது கோர்லயும் அதே உப்பு குறைப்பைப் பண்ணி அதைக் கழிச்சுக்கோங்க.

கழட்டும்போது போர் பிரஷர் முதல்ல, கன்ஃபைனிங் அப்புறம், 8 ல சொன்னதுதான்.

வாசல் முகத்தை ஃபோட்டோ எடுத்துட்டு, 2, 3 மி.மீ. மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு மிச்சக் கல்லோட பெர்மியபிலிட்டியைத் திரும்ப அளங்க. பழைய அளவுக்கு வந்துடுச்சுன்னா சேதம் பூரா அந்த 3 மி.மீ.ல இருந்திருக்கு. படிவு எங்கெங்க எவ்வளவுன்னு வேணும்னா, திருப்பி அனுப்புறது உப்பு குறைக்கிறது எதுவும் பண்ணாத வேற ஒரு கோரை எடுத்து 1 செ.மீ. துண்டா தண்ணி விடாம வெட்டணும், தண்ணி விட்டு வெட்டுற ரம்பம் படிஞ்சதைக் கழுவிட்டுப் போயிடும். ஒவ்வொரு துண்டையும் உதிர்த்து, கழுவி, வர்ற தண்ணியில துகளை அளந்து, எல்லாத்தையும் கூட்டுங்க. அனுப்பினதுலேருந்து வெளிய வந்ததையும் லைன்ல போனதையும் கழிச்சா வர்றதோட இது ஒத்துப் போகணும். 10 சதவீதத்துக்குள்ள வந்தா நான் விட்டுடுவேன். 40 சதவீதம் காணோம்னா வெசலைத் திறந்து அடியில பாருங்க, பெரும்பாலும் அங்கதான் உக்காந்திருக்கும்.